சுண்ணாம்பு பூசிய நான்கு கற்கள்

இரண்டு வருடத்துக்கு முந்திய ஆவணி மாதம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை, நாங்கள் படுவான்கரை என்று சொல்கிற பக்கம். அங்கே வாவியை ஒட்டிய ஓர் ஊரில் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக முகாமாக இருந்த காணியை விடுவிக்கப் போகிறார்கள் என்று கடிதம் வந்தது. நான் அந்தப் பகுதியின் அரச அலுவலகம் ஒன்றில் காணிப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன். தவறு செய்தவன் நான் என்பதை மட்டும் மறைக்கப் போவதில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் சேவை. படிவங்களில் எனக்கு அபார நம்பிக்கை. ஒரு படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தால் உலகத்தில் ஒரு பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைக்கிற ஆள். அலுவலகத்தில் என்னுடைய கோவைகளைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்படுவார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். பொறாமைப்பட்டார்களோ என்னவோ, என்னிடம் வந்து கதைக்கப் பயந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த முகாமைத் தொடங்கியது இந்திய இராணுவம். எண்பதுகளின் கடைசியில் வந்தார்கள். முதலில் பள்ளிக்கூட வளவில் நாலைந்து கூடாரம்தான். பிறகு வாவிக்கரையில் இருந்த முப்பது வீடுகளையும் காலி பண்ணச் சொல்லி முள்ளுக்கம்பி அடித்தார்கள். கொஞ்ச நாளில் அது ஒரு சின்னப் பட்டணமாகிவிட்டது. கரப்பந்து விளையாட ஓர் இடம், கும்பிட ஒரு சின்னக் கோயில், ரொட்டி சுடுகிற கொட்டில், உடுப்புத் தோய்க்கச் சீமெந்துத் தளம் என்று எல்லாம் வந்தன. எனக்கு அப்போது எட்டு வயது. பக்கத்து ஊர். கச்சான் காற்று வீசினால் கடுகெண்ணெய் வாசனை எங்கள் வீடு வரை வரும். சந்திக் கடைக்காரர்கள் பருப்பும் உருளைக்கிழங்கும் விற்பதற்காக இந்தியில் எண்ணப் பழகினார்கள். காலையில் முகாமில் மணி அடித்தால்தான் ஊரில் அடுப்பு மூட்டுவார்கள், மாலையில் மணி அடித்தால் எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள்.

எனக்கு அதிசயமாக இருந்தது அவர்களுடைய கற்கள்தான். பாதையோரம், கொடிக்கம்பத்தைச் சுற்றி, பூச்செடியைச் சுற்றி, எங்கே பார்த்தாலும் கல்லை வரிசையாகப் புதைத்துச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். பெரிய அதிகாரி வருகிறார் என்றால் எல்லாக் கல்லும் மறுபடி வெள்ளையாகும். "ஒரு மாடு கொஞ்சநேரம் அசையாம நிண்டா அதுக்கும் வெள்ளையடிச்சிப் போடுவாங்க" என்று அப்பா பகிடி பண்ணுவார்.

அவர்களால் உயிர் தப்பியவர்களும் எங்கள் பக்கம் உண்டு. அவர்களால் ஆளை இழந்தவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரே கடையில்தான் தேநீர் குடித்தார்கள். அவர்கள் போன பிறகு ஆட்கள் மாறினார்கள், கொடி மாறியது, பேசுகிற மொழி மாறியது. முகாம் மட்டும் மாறவில்லை. பின்னால் வந்தவர்களும் அதே வீடுகளில் தங்கி, அதே பதுங்குகுழிகளுக்குச் சீமெந்து பூசி, அதே கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். முப்பது குடும்பங்களும் உறவினர் வளவுகளிலும் அரச காணியிலும் கொட்டில் போட்டு, கம்பிக்கு வெளியே இருந்து தங்கள் தென்னைமரங்களின் தலையைப் பார்த்துக்கொண்டே வயதாகிவிட்டார்கள்.

முகாமின் பெரும்பகுதி காலியாகி, கண்ணிவெடி இல்லை என்ற சான்றிதழும் வந்த பிறகு, ஆட்களை உள்ளே அழைத்துப் போய் எல்லை அடையாளம் காட்டச் சொல்வது என் பொறுப்பு. வீடுகள் ஒன்றும் மிஞ்சவில்லை. வேலிகள் எப்போதோ விறகாகிப் போயின. மிஞ்சியது ஒரு கிணறு, சில தென்னைகள், வாவிக்கரை நீளத்துக்குப் போகிற ஒரு பதுங்குகுழி. பாதுகாப்புக்காக ஒரு குடும்பத்துக்கு ஓராள்தான் உள்ளே வரலாம் என்று ஏற்பாடு. படிவத்தைப் பார்த்தேன். 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். அதில் இருந்த பெயர்களை எல்லாம் கூப்பிட்டேன். ஒன்றிரண்டு விதவைகளைத் தவிர எல்லோரும் ஆண்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்திலேயே என் மடத்தனம் விளங்கியிருக்கும். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். நானும் அப்படித்தான், பதினெட்டு வருடமாக மனைவியின் வளவில் இருக்கிறேன். அந்த ஆண்களில் பாதிப் பேர் வேறு ஊரில் பிறந்து, கலியாணம் முடித்து வந்து, ஒன்றிரண்டு வருடம் இருப்பதற்குள் கம்பிக்கு வெளியே துரத்தப்பட்டவர்கள். அவர்களுக்கு அந்த மண் எவ்வளவு தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை. பிறந்து வளர்ந்து தண்ணீர் அள்ளிய பெண்களெல்லாம் அன்றைக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் குடையோடு நின்றார்கள்.

உள்ளே போன ஆண்கள் கிணற்றைக் கண்டதும் சந்தோஷப்பட்டார்கள். வாவிக்கரை வரிசையில் இரண்டு வளவுக்குப் பொதுவாக ஒரு கிணறு இருந்தது எல்லோருக்கும் ஞாபகம். கட்டடங்களை ஒப்பந்தத்துக்கு எடுத்துக் கட்டுகிற கொந்தராத்துக்காரர் ஒருவர், குரலும் ஆளும் பெரியவர், கிணற்றுக் கட்டில் கை வைத்து, "இதுதான் பொதுக் கிணறு. இதிலிருந்து தெக்கால என்ட, வடக்கால இவர்ர" என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் அதிலிருந்து எண்ணிக்கொண்டு போனார்கள். வேலை இவ்வளவு லேசாக முடிகிறதே என்று எனக்கும் மகிழ்ச்சி.

'இவர்' என்று சொல்லப்பட்டவர் அறுபத்தைந்து வயதிருக்கும் ஒரு மெலிந்த மனிதர். பழுகாமத்தில் இருந்து கலியாணம் முடித்து வந்தவர். அவர் கிணற்றைப் பார்க்கிறார், வாவியைப் பார்க்கிறார், தலையைச் சொறிகிறார்.

"சேர், இது அவட வளவு. அவவக் கேட்டாத்தான் சரியாத் தெரியும். நான் ஒரு வருசங்கூட இஞ்ச இரிக்கல்ல" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. வெயில் வேறு. "படிவத்தில குடும்பத் தலைவர் ஆரு? நீங்கதானே. பிறகென்ன, காட்டுங்க" என்றேன்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பெண்சாதி வளவு தெரியாத மாப்பிள்ளை என்று ஒருவர் சொன்னார். அந்த மனிதரின் முகம் கறுத்துவிட்டது. கையை நீட்டிக் கிணற்றுக்கு வடக்குப் பக்கத்தைக் காட்டிவிட்டு, நான் நீட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். நானும் வைத்தேன், முத்திரையும் குத்தினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரை நீளத்துக்கு நேராகப் போன பதுங்குகுழி ஓரிடத்தில் மட்டும் பாய் விரிக்கிற அளவு நிலத்தைச் சுற்றி வளைந்து, மறுபடி நேர்கோட்டுக்கு வந்தது. "வெட்டினவன் வெறியில வெட்டியிருப்பான் போல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வளைவுக்குள் தென்னை நிழல் இருந்தது. அங்கே போய் நின்று, புல்லுக்குள் கிடந்த ஒரு கல்லில் காலைத் தூக்கி ஊன்றி, தொடையில் பலகையை வைத்துத்தான் மீதிப் படிவங்களை நிரப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த மனிதரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். அறுபதை எட்டிய பெண். கையில் கடைச் சாமான் வாங்குகிற பை, அதற்குள் கடதாசிகள். என் மேசைக்கு முன்னால் கதிரை இருந்தும் உட்காரவில்லை.

"சேர், நேத்துத்தான் எங்களுக்கெண்டு தந்த துண்டுக்குள்ள மட்டும் விட்டாங்க. அது எங்கட கிணறு இல்ல. எங்கட பழைய கிணறு இன்னும் அங்கால. எங்கட வளவ மாறிக் குடுத்திட்டீங்க" என்றார்.

வரைபடத்தில் ஒரு கிணறுதான் இருக்கிறது என்றேன். ஆட்சேபனை இருந்தால் குடும்பத் தலைவர் எழுத்தில் தரவேண்டும் என்றேன். போனார். இரண்டு நாள் கழித்துக் கணவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொண்டுவந்தார். கணவர் ஏற்கனவே கையெழுத்து வைத்து ஒப்புக்கொண்ட எல்லையை இப்போது அவரே மறுத்தால் எப்படி என்று கேட்டு, கடிதத்தைக் கோவையில் போட்டேன். மூன்றாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கிட்ட வந்தார். கொந்தராத்துக்காரர் பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து பதுங்குகுழியை மூடி நிலத்தை மட்டம் பண்ணப் போகிறாராம், அதை நிறுத்தச் சொல்லி ஒரு துண்டு எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

"மட்டம் பண்ணினா நல்லதுதானேம்மா. உங்களுக்கும் அதே அளவு காணிதான் கிடைச்சிரிக்கி. அங்கால இருந்தா என்ன, இஞ்சால இருந்தா என்ன, ரெண்டும் ஒரே மண்தானே?"

நான் சொன்ன வார்த்தைகள் இவை. இன்றைக்கும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நான் மறந்திருப்பேன். கடதாசிகளைப் பைக்குள் வைத்து, "சரி சேர், போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். வீட்டில் வேலி அடைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. வேலிக்காரர் கட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மூலைக் கட்டை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டார். நான் பெரிய மனிதத் தோரணையில் நடந்து போய், ஓர் இடத்தைக் காலால் கீறிக் காட்டிவிட்டுக் கை கழுவப் போனேன். சோற்றில் கை வைக்கிறேன், வெளியே மனைவியின் சத்தம்.

"இஞ்ச பாருங்க, உங்களக் கேட்டது ஆரு? அது பெரியம்மா ஆக்களிட வளவு. வந்து பதினெட்டு வருசமாச்சி, எல்ல எங்க எண்டு தெரியா. நீங்கதான் ஊருக்குக் காணி பிரிச்சிக் குடுக்கிற ஆள்!"

வேலிக்காரர் சிரித்தார். மனைவியும் சிரித்தாள். தலையைச் சொறிந்துகொண்டு நின்ற அந்தப் பழுகாமத்து மனிதர் என் முன்னால் வந்து நின்றார். அவவக் கேட்டாத்தான் தெரியும் என்று அவர் எவ்வளவு நேர்மையாகச் சொன்னார். பத்துப் பேருக்கு முன்னால் அவர் வாயை அடைத்துக் கையெழுத்து வாங்கியது நான். என்னை யாராவது அப்படி நிற்க வைத்திருந்தால் நானும் வெட்கத்துக்காக எதையாவது காட்டியிருப்பேன், சற்று முன் காட்டியது போல.

கை கழுவிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். நல்ல காலம், படுவான்கரைக்குப் போகிற பஸ் அன்றைக்கும் வழக்கம்போலப் பிந்தியிருந்தது. அந்த அம்மா தரிப்பிடத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அம்மா, நான் பிழை விட்டுட்டன். வாங்க, போய்ப் பாப்பம்" என்றேன்.

அவர் எழும்பவில்லை. பாதையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

"சேர், என்ட புள்ள அங்க கிடக்கு."

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார்.

கலியாணம் முடித்து எட்டு மாதத்தில் ஊரடங்கு வந்ததாம். கணவர் ஏறாவூரில் மரம் விற்கிற மரக்காலை ஒன்றில் வேலை. வாவிக்கு அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார். தோணிகள் ஓடக்கூடாது என்று உத்தரவு. அந்த நாட்களில்தான் மாதம் திகையாமல் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. பதினோராம் நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரி வாவிக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரிகிற தூரம். கொண்டுபோக வழியில்லை. அன்று பின்னேரமே பிள்ளை போய்விட்டது. சுடலைக்குப் போகவும் முடியாது. இவரும் இவருடைய தாயும் சமைக்கிற குசினிக்குப் பின்னால் தோண்டி அடக்கம் செய்தார்கள். நாலாம் நாள் வீட்டை விட்டு எழும்பச் சொல்லி இந்தியச் சிப்பாய்கள் வந்துவிட்டார்கள்.

"நான் அதுக்கு மேல படுத்திட்டன் சேர். எழும்ப மாட்டன் எண்டுட்டன். அவங்களுக்கு விளங்கல்ல. மறுகா ஒரு தமிழ்ச் சிப்பாயக் கூட்டி வந்தாங்க. இந்தியத் தமிழ், வேலூர்ப் பக்கம் எண்டவர். அவங்கட ஊருல வீட்டுக்கு ஒராள் பட்டாளமாம். அவருக்கிட்டச் சொன்னன்."

அந்தச் சிப்பாய் போய் அதிகாரியோடு கதைத்துவிட்டு வந்து சொன்னதை அவர் அந்த ஆளின் பேச்சிலேயே என்னிடம் சொன்னார். எத்தனை ஆயிரம் தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பாரோ.

"'பெரியவர்கிட்ட சொல்லிட்டேம்மா. இங்க கடப்பாரை படாது. நீங்க போங்க' எண்டார். நம்பி எழும்பினன். மறுகா அவரக் காணவே இல்ல. சொன்ன மாதிரி நடந்தாங்களா இல்லையா எண்டு இத்தின வருசமா எனக்குத் தெரியா."

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்பிடிச் சொல்லுற? பொறந்ததும் பதியல்ல, செத்ததும் பதியல்ல. உங்கட கந்தோரில எல்லாத்துக்கும் துண்டு கேப்பீங்க. இப்ப அது கொந்தராத்துக்காரர் ஆக்கள் வீடு கட்டப் போற வளவு எண்டு வேற ஆயிட்டு. அங்க இப்பிடி ஒண்டு கிடக்கு எண்டு ஊருல கதைக்க மனம் வரல்ல."

துண்டு கேட்பீர்கள் என்று அவர் சொன்னது என்னைத்தான். அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். ஊர் எல்லையில் திரும்பும்போதே இயந்திரத்தின் சத்தம் கேட்டது. பெக்கோ அன்றைக்கே வந்துவிட்டது. பதுங்குகுழியின் தெற்கு முனையில் இருந்து மூடிக்கொண்டு வந்திருந்தார்கள். வளைவுக்கு இன்னும் இருபது முப்பது மீற்றர் தூரம்தான்.

ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தினேன். கொந்தராத்துக்காரர் வந்தார். கோபப்படவில்லை, சட்டைப்பையில் இருந்து கடதாசியை எடுத்து விரித்து, "சேர், இது உங்கட கையெழுத்துத்தானே?" என்று கேட்டார். என் கையெழுத்துத்தான். முத்திரையும் அழகாக, ஒரு பக்கமும் மங்காமல் விழுந்திருந்தது. கிணறு பிழை என்றேன். வேறு கிணறு எங்கே, காட்டுங்கள் என்றார். நியாயமான கேள்வி. வெறும் நிலம்தான் இருந்தது.

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. வாவியைப் பார்த்து நின்றார். அந்தப் பக்கக் கரையில் மாதா கோயில் மணிக்கூண்டு வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் கண்டல் மரம் மூடிய ஒரு சின்னத் தீவு. அவர் வாவியில் இருந்து கண்ணை எடுக்காமல் பக்கவாட்டில் நடந்தார். நாலு எட்டு வடக்கே, கொஞ்சம் பின்னால், மறுபடி ஓர் எட்டு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாளியை இழுக்கும்போது எதிரே என்ன தெரிந்ததோ, அதைத் தேடுகிறார். தீவின் முனையைத் தொட்டுக்கொண்டு மணிக்கூண்டு எழும்புகிற இடத்தில் நின்றார். மீன்பிடிக்கிறவர்கள் வாவிக்குள் வலை போட்ட இடத்தை இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள்.

"இவடந்தான்" என்றார்.

பெக்கோக்காரரிடம் மெல்லச் சுரண்டச் சொன்னேன். ஒரு முழம் மண் போயிருக்காது, செங்கல் தெரிந்தது. வட்டமாகக் கட்டிய கிணற்று வாய். உள்ளே மண்ணும் துருப்பிடித்த பால்மா டின்களும் போட்டு மூடியிருந்தார்கள். நாங்கள் எல்லையாக வைத்தது பின்னால் முகாம்காரர்கள் தோண்டிய கிணறு. அந்த வரிசையில் ஒன்பது வளவும் ஒவ்வொரு வளவாகத் தள்ளிப் போயிருந்தது.

இதற்குள் கொந்தராத்துக்காரரின் மனைவி வந்துவிட்டார். கணவருக்குத் தேநீர் கொண்டுவந்தவர். செங்கல்லைக் கண்டதும் போத்தலைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். "இது எங்கம்மாவும் இந்த அக்காட அம்மாவும் அள்ளின கிணறுங்கா. சின்னதில நான் இந்த விளிம்பில விழுந்துதான் நெத்தி வெடிச்ச" என்று நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டினார். பிறகு கணவரைப் பார்த்து, "என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார். அந்தப் பெரிய குரல் மனிதர் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

அந்த அம்மா கிணற்றடியில் இருந்து நடக்கத் தொடங்கினார். குசினி இருந்த திசையாம். ஒவ்வோர் அடியாக, வாய்க்குள் எண்ணிக்கொண்டு. நாங்கள் பின்னால் போனோம். எங்கே போய் நிற்கப் போகிறார் என்று எனக்கு முதலே தெரிந்துவிட்டது. அப்படி இருக்கக்கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே போனேன். அவர் பதுங்குகுழியின் வளைவுக்குள் இறங்காமல், அதன் வாசலில் நின்றார்.

கரை நீளத்துக்கு நேராக வந்த குழி அந்த இடத்தை மட்டும் தொடாமல் சுற்றிப் போயிருந்தது. உள்ளே புல்லை விலக்கினோம். நாலு மூலைக்கு நாலு கற்கள். வெள்ளைக் கற்கள். அதில் ஒன்றில்தான் நான் என் சப்பாத்துக் காலை ஊன்றி நின்றேன். நின்று பகிடி விட்டேன்.

குந்தி ஒரு கல்லின் விளிம்பை நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது. அடியில் இன்னொரு பூச்சு, அதற்கு அடியில் இன்னொன்று. வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக. எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. அந்த வேலூர்ச் சிப்பாய் பூசியது அடியில் எங்கோ இருந்திருக்கும்.

பிறகு முகாமில் மிஞ்சிய பகுதியில் காவலில் நின்ற சிப்பாயிடம் கேட்டேன். சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் தெரியும். "அந்தக் கல் நாங்க வரக்க இருந்தது சேர். முந்தி இருந்த ஆக்கள் பூசின, நாங்களும் பூசின" என்றார். ஏன் என்று கேட்டேன். தெரியாது என்று தோளைக் குலுக்கினார். பதுங்குகுழிக்குச் சீமெந்து போட்டவர்களும் ஏன் வளைகிறது என்று தெரியாமலே வளைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். ஒருவர் கொடுத்த வாக்கை, அது என்னவென்று தெரியாத எத்தனையோ பேர் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எல்லாம் தெரிந்துகொள்ளச் சம்பளம் வாங்குகிற நான்தான் அதை இரண்டு வாரத்தில் அழிக்கப் பார்த்தேன்.

யார் போய்ச் சொன்னார்களோ, கொஞ்ச நேரத்தில் கணவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வளைவுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "நான் அந்தப் புள்ளட முகத்தப் பாக்கவே இல்ல சேர்" என்று மட்டும் சொன்னார். பிறகு மனைவியைப் பார்த்து, "இதுவா?" என்று கேட்டார்.

"ஓம். இதுதான்."

அந்த அம்மா அதுவரை அழவில்லை. அப்போதும் அழவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டியிருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று எதையாவது கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டேன். இரண்டு ஆண்கள், இரண்டு பேரும் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றார். என்னை அதுவரை சேர் என்று அழைத்தவர் அப்போதுதான் மகன் முறைக்கு மாற்றினார்.

"மனே, எனக்குப் பொம்புளப் புள்ள இவ ஒராள்தான். எங்கட வழக்கத்துக்கு இது இவட வளவு. அதத்தான் இவகிட்ட இருந்து எடுத்திரப் பாத்தீங்க."

அடுத்த வாரம் முப்பது வீட்டுப் பெண்களையும் உள்ளே கூப்பிட்டு மறுபடி அடையாளம் காட்டச் சொன்னேன். நில அளவையாளர் என்னைத் திட்டினார், மேலதிகாரி விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஆண்கள் மூன்று மணி நேரத்தில் முடித்த வேலைக்குப் பெண்களுக்கு மூன்று நாள் எடுத்தது. சண்டையும் நடந்தது, கட்டிப்பிடித்து அழுகையும் நடந்தது. ஆனால் அதன் பிறகு ஓர் எல்லைக் கல்லைக்கூட மாற்ற வேண்டி வரவில்லை.

அந்த வளவில் இப்போது சின்னதாக ஒரு வீடு எழும்பியிருக்கிறது. குசினிக் கதவைத் திறந்தால் அந்த வளைவு தெரிகிற மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் பதுங்குகுழியை மூடியாயிற்று, அந்தத் துண்டை மட்டும் மூடவில்லை. போன பொங்கலுக்கு அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கற்கள் நாலும் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருந்தன. கணவர்தான் பூசுகிறாராம்.

எனக்குப் படிவங்களில் இன்னும் நம்பிக்கை உண்டு, அது என்னை விட்டுப் போகாது. ஆனாலும் இன்றைக்கும் ஒரு காணிக்குள் அடியெடுத்து வைக்கும்போது, கையிலிருக்கும் படிவத்தைப் பார்ப்பதற்கு முன், என் காலை எங்கே வைக்கிறேன் என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.